என்னங்க என்றால் நாய் வரும்

எங்கள் வீட்டு நாய்க்கு இரண்டு தடவை பெயர் வைத்தோம். இரண்டும் ஒட்டவில்லை. முதலில் வைத்தது மகள். பெங்களூரிலிருந்து வீடியோ காலில் குட்டியைப் பார்த்துவிட்டு ஒரு இங்கிலீஷ் பெயரைச் சொன்னாள். அதைத் தெருவில் நின்று கூப்பிட எனக்கு வாய் கூசியது. அடுத்தது என் வீட்டுக்காரர் வைத்தது, ஏதோ ஒரு பழைய ராஜாவின் பெயர். போர்க்களத்தில் முதுகு காட்டாதவனாம் அந்த ராஜா. எங்கள் நாயோ தூரத்தில் இடி இடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாளாக ஆக அந்தப் பெயரைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் தனக்கான பெயரை அதுவே எடுத்துக்கொண்டது. என் வாயிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

நான் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண் நான். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதை நான் நம்பியதில்லை. ஆனால் நம்பாத ஒன்றைச் சோதித்துப் பார்க்கவும் துணிந்ததில்லை. கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. நாள் முழுக்க ஊரார் பெயரையெல்லாம் அடித்துத் தள்ளுகிறவள். அவர் பெயரையும் ரேஷன் கார்டு, கேஸ், பேங்க் என்று எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். எழுதுவது வேறு, கூப்பிடுவது வேறு. என் மகள் அவள் புருஷனை "டேய்" என்கிறாள். அவனும் நன்றாகத்தான் இருக்கிறான். அதைப் பார்த்த பிறகும் என் வாய்க்கு வந்தது "என்னங்க" ஒன்றுதான்.

சாப்பாடு ஆனால் "என்னங்க". சிலிண்டர் வந்தால் "என்னங்க". பரணிலிருந்து பல்லி விழுந்தால் "என்னங்க". அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தால் வீட்டில் ஏதோ நடக்கும், பெரும்பாலும் தட்டு எடுத்து வைப்பார்கள் என்று நாய் கண்டுகொண்டது. ஒரு நாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தேன். அவருக்கு முன்னால் அது வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் இங்கிலீஷ் பெயருக்கும் திரும்பாது, ராஜா பெயருக்கும் திரும்பாது. "என்னங்க" என்றால் தெருக்கோடியில் இருந்தாலும் ஓடி வரும். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இன்னும் கட்டிமுடியவில்லை; குரல் நன்றாக எதிரொலிக்கும். பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "நாய்க்குக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்புடுவீங்களா? உங்க வீட்ல மரியாதை ரொம்ப ஜாஸ்திங்க" என்று சிரிப்பார்.

என் வீட்டுக்காரருக்கு இதில் வருத்தம் இருந்தது. "இந்த வீட்ல எனக்குன்னு இருந்தது அந்த ஒரே ஒரு பேருதான். அதையும் இது புடுங்கிக்கிச்சு" என்பார். வருத்தத்தோடு லாபமும் பார்த்தார். நான் கூப்பிட்டால் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்க மாட்டார். கேட்டால், "நீ நாயைக் கூப்புடறேன்னு இருந்துட்டேன்" என்பார். சிலிண்டரைத் தூக்கி மாட்டவா நாயைக் கூப்பிடுவேன்? ஆனாலும் அதையே சொல்வார். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாக்குச் சொல்வதில் நல்ல பயிற்சி உண்டு.

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டுக்கொள்வார். ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். ஒரு தடவை காய்கறி மார்க்கெட்டில் அப்படி ஆகி, கத்தரிக்காய் கடையில் போய் உட்கார்ந்துகொண்டு கடைக்காரரிடம் டிக்கெட் கேட்டார். எல்லோரும் குடித்திருக்கிறார் என்று நினைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து என் பையில் கடலை மிட்டாய் இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. அவர் பாக்கெட்டில் வைத்தால் சும்மா இருக்கும்போதே தின்றுவிடுவார். அதனால் என் பையில்.

டாக்டர் நடக்கச் சொன்னார். இந்த ஊரில் நடப்பது என்றால் மலையைச் சுற்றி நடக்கலாம், இல்லை மலை மேலே கொஞ்ச தூரம் ஏறி இறங்கலாம். ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதற்கு மேலே போவது மேல் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கம் ரோட்டுப் பக்கம் போவோம். நாய் ஸ்கூட்டரின் முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டு வரும். ஒரு டீக்கடை ஓரம் வண்டியை விட்டு, செருப்பைச் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டு, வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கிற சந்து வழியாக நடந்து கல் பாவிய பாதையைப் பிடித்துவிடுவோம். உச்சிக்கெல்லாம் போக மாட்டோம். பாதி தூரத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கோபுரங்களும் ஊரும் தெரியும். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுவோம்.

நான் சொல்ல வந்த ஞாயிறு ஐப்பசியில் வந்தது. விடியும்போதே தூறல். வேண்டாம் என்றேன். மழையில் இந்த மலை ஒரு தடவை சரிந்ததைப் பார்த்த ஊர் இது. வானம் கறுத்தால் யாரும் மலைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதுகூட இல்லை. "தூத்தல்தானே, தோ நின்னுடும்" என்றார். நாய் ஏற்கெனவே ஸ்கூட்டரில் ஏறி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேருக்கு எதிராக நான் ஒருத்தி. இட்லியை அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள், கிளம்பினோம்.

"சாப்பிட்டார்கள்" என்று பன்மையில் சொன்னதற்குக் காரணம் அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

பாதி வழியில் தூறல் மழையானது. கல்லெல்லாம் வழுக்கியது. ஒரு இடத்தில் என் கால் சறுக்கி முட்டியில் நல்ல அடி. குடையிலும் ஒரு கம்பி போயிற்று. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. டிப்போவில் தொடங்கி அவர் தங்கை கல்யாணம் வரைக்கும் எல்லாவற்றையும் அந்த இடத்தில் நின்று பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாறை வரைக்கும் போயிட்டு வந்துடறேம்மா. இவ்ளோ தூரம் வந்தாச்சு" என்றார்.

"போங்க. எனக்கு இன்னா, நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்றேன்.

போய்விட்டார். நாயும் போய்விட்டது. அவர் போனும் மிட்டாயும் என் பையில்தான் இருந்தன. நனைந்தால் போன் கெட்டுவிடும் என்று கீழேயே பிடுங்கி பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தவள் நான்தான்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. முதலில் ஊர் மறைந்தது. பிறகு கோபுரங்கள் மறைந்தன. பிறகு என் முன்னால் இருந்த பாதையே மறைந்தது. கோவில் மைக்கில் பாடுவது மட்டும் கீழேயிருந்து கேட்டது. மழை இலையெல்லாம் அடித்துக்கொண்டு பலமாகப் பிடித்தது. மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் போனாள், காலேஜ் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவரைக் காணோம். இதோ வருவார், இதோ வருவார் என்று பார்த்தேன். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஒன்றாக மாறியது. என் போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது.

முட்டி வலியை மறந்து ஏறத் தொடங்கினேன். வழியில் ஆந்திராவிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், ரோட்டோரம் விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்கள். இப்போது இந்த ஊரில் பாதி பேர் அவர்கள்தான். எங்களுக்கும் கொஞ்சம் தெலுங்கு காதில் ஏறியிருக்கிறது. நாயோடு ஒருத்தரைப் பார்த்தீர்களா என்று கையையும் காலையும் ஆட்டிக் கேட்டேன். அந்த அம்மா, "குக்கனி சூசாமு. மனிஷி லேடு" என்றார்.

நாயைப் பார்த்தார்களாம். கூட மனிதர் இல்லையாம்.

பாறை இருக்கிற திருப்பத்துக்கு வந்தேன். பாறையில் யாரும் இல்லை. தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் புதர், அதற்கு மேல் வெறும் வெள்ளை. கையை நீட்டினால் விரல் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"என்னங்க!"

"இன்னாடி, வரேன் இரு" என்று கீழேயிருந்து ஒரு ஆண்குரல். யாரோ ஒருத்தியின் புருஷன், மேகத்துக்குள் எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தவர். அவர் பெண்டாட்டி உடனே, "நான் கூப்புடல, உங்க பக்கத்துலதானே நிக்கிறேன்" என்று அவரை அதட்டுவதும் கேட்டது. இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மறுபடி கத்தினேன். புதர் சலசலத்தது. உயிர் வந்தது எனக்கு. ஆனால் வந்தது நாய். உடம்பெல்லாம் சேறு, நாக்கு ஒரு பக்கம் தொங்க, கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன் பார் என்கிற பெருமை முகத்தில். என் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"உன்னை யாரு கூப்ட்டது? அவர் எங்க? எங்க விட்டுட்டு வந்த?"

சினிமாவில் வருகிற நாய் என்றால் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புருஷனைக் காட்டியிருக்கும். எங்கள் நாய் உடம்பைச் சிலிர்த்து என் மேல் சேற்றை அடித்தது. பிறகு பையில் மூக்கை நுழைத்து மிட்டாயை மோந்து பார்த்தது. "போ, காட்டு" என்றேன். படுத்துக்கொண்டது. "என்னங்க!" என்று மறுபடி மலையைப் பார்த்துக் கத்தினேன். எழுந்து என் காலை உரசிக்கொண்டு நின்றது. நான் கத்தக் கத்த இங்கேதானே இருக்கிறேன் என்று முகத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

அழுகை வந்துவிட்டது. நின்றபடியே அழுதேன். ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், காலையில் எத்தனை இட்லி போனது, மார்க்கெட்டில் எவ்வளவு சீக்கிரம் பேச்சு குழறியது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தது. மழையில் எங்கேயாவது நினைவு தப்பிக் கிடந்தால் யார் பார்ப்பார்கள்? கீழே ஓடிப்போய் ஆள் கூட்டி வரலாம். அதற்குள் என்ன ஆகுமோ.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் நான் "என்னங்க" என்றால் அவர் என்ன செய்வார்? பேப்பரை விட்டுத் தலையைத் தூக்க மாட்டார். நாயைக் கூப்பிடுகிறேன் என்று இருந்துவிடுவார். இந்த மலையில் எங்கேயோ உட்கார்ந்து, நான் கத்துவதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, நாயைத்தானே தேடுகிறாள், அது போய்விடும் என்று இருக்கிறாரோ?

அவரைத் தவிர வேறு யாரும் திரும்பாத ஒரு சொல் வேண்டும். அது எனக்குத் தெரியும். எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. நம்பிக்கை இல்லாதவள் என்று இத்தனை வருஷம் என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மழையில் நின்று, இதைச் சொல்லி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. முதல் தடவை முனகல் மாதிரிதான் வந்தது. எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, மரியாதை எதுவும் ஒட்டாமல் வெறும் பெயரை மட்டும் சொல்லிக் கத்தினேன்.

"ஆங்?" என்று பதில் வந்தது.

அவ்வளவு பக்கத்தில் இருந்து வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய பாறைக்குப் பின்பக்கம், கொஞ்சம் கீழே, இன்னொரு பாறை குடை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. மழையில் நனையாத இடத்தில் உட்கார்ந்தும் நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. கடலை மிட்டாயைப் பிரித்து வாயில் வைத்தேன். மெல்ல மெல்ல மென்றார். இன்னொன்று வைத்தேன். நாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தது. அதற்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. நடந்ததைச் சொன்னார். நாய் ஒரு குரங்கைத் துரத்திக்கொண்டு புதருக்குள் போயிற்றாம். அதைப் பிடிக்கப் பாதையை விட்டு இறங்கினாராம். கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததும் இந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாராம்.

"சுகர் கம்மியாயிடுச்சுன்னு தெரிஞ்சுது. எழுந்திருக்க முடியல."

"நான் தொண்டை கிழியக் கத்தினேனே, கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"நீ நாயைக் கூப்புடறேன்னு இருந்துட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஈரத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைக்கிற சாக்கில் நானும் துடைத்துக்கொண்டேன். "காலையில எத்தினி இட்லி சாப்ட்டீங்க?" என்று கேட்டேன். அவர் நாயைப் பார்த்தார். நாய் வேறு பக்கம் பார்த்தது. "ஒண்ணு" என்றார். மீதியெல்லாம் மேஜைக்கு அடியில் போயிருக்கிறது. இரண்டு பேரையும் அங்கேயே வைத்துத் திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு உடம்பு லேசானது. மனிதர் எதிரில் இருந்து திட்டு வாங்குகிறாரே, அதைவிட என்ன வேண்டும் என்று இருந்தது.

மழை விட்டு, மேகம் கலைந்து, கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேனா, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினாரா, சொல்லத் தெரியவில்லை. வழுக்குகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தோம். பாதி இறங்கியதும் மெதுவாகச் சொன்னார்:

"எங்கம்மா போனதுக்கப்புறம் யாரும் என்னை அப்படிக் கூப்ட்டதில்ல. ஸ்கூல் விட்டு வெளயாடப் போயிட்டா தெருமுனையில நின்னு அப்படித்தான் கத்தும். அதான் என்னியும் அறியாம பதில் வந்துடுச்சு."

கொஞ்ச தூரம் போனதும், "இன்னொரு வாட்டி கூப்புடேன்" என்றார்.

"ஆசைதான். வழியப் பாத்து நடங்க" என்றேன்.

டீக்கடையில் அவருக்குச் சூடாக இட்லி வாங்கிக் கொடுத்து, கடைசி வாய் வரைக்கும் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அன்று மதியம் வீட்டில் சாதம் வடித்துவிட்டு, பழக்கத்தில் "என்னங்க" என்று கூப்பிட்டேன். நாய் வந்தது. அதன் பின்னாலேயே அவரும் வந்தார். "யாரைக் கூப்ட்ட?" என்றார். வந்தவர்கள் உட்காருங்கள் என்று இரண்டு தட்டையும் வைத்தேன்.

அவர் பெயரை மறுபடி அவர் காதுபடச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. ஆனால் மழை இருட்டிக்கொண்டு நிற்கிற நாளில் அவர் வெளியே கிளம்பினால், கேட்டைத் தாண்டியதும் வாசலில் நின்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அவசரத்துக்கு வாய் வர வேண்டும் இல்லையா. நாய் என் காலடியில்தான் படுத்திருக்கும். அந்தப் பெயருக்கு அது காதைக்கூட அசைப்பதில்லை.